முகம் மட்டும் தங்கம்

அத்தியாயம் 7

“நாலு மணி வரைக்கும்தான் சார் டைம். அதுக்கு மேல நான் ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்.”

காலேப் இதைச் சொன்னபோது மணி பதினொன்று பத்து. கையில் நாலாக மடித்த புகார்க் கடிதம். கனடாவிலிருந்து அப்பாவை அடக்கம் செய்ய வந்தவன். வந்த இடத்தில் வீட்டில் திருட்டு என்கிறான்.

“யார் பேரு எழுதியிருக்கீங்க?” என்றேன்.

“ஜீவானந்தம். எங்க வீட்ல வேலை செய்ற முத்தாலம்மாவோட பையன்.”

“பேரே எழுதியாச்சி. அப்பறம் நாங்க எதுக்கு சார்? கடுதாசி ஒட்ட கோந்து வாங்கியாரவா?” என்றாள் சரசு.

சரசு என் உதவியாளர். வயது நாற்பத்தாறு. கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்து, பதினெட்டு வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றவள். எதைப் பேசக்கூடாதோ அதை முதலில் பேசிவிடுவாள். நான் ஏசுதாசன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரணை பார்த்தவன். போன வருஷம் வேலையை விட்டேன். என் மனைவி ஹில்டா இறந்த அதே மாதம். அதற்குப் பிறகு காபியும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான். இந்தத் தனியார் துப்பறியும் வேலை மட்டும் ஓடுகிறது. இதில் அடுத்தவருக்கு என்ன நடந்தது என்று கேட்டால் போதும்.

எங்களைக் கூப்பிட்டது காலேப் இல்லை, அவன் அக்கா ஜெரூஷா. ஸ்கூல் டீச்சர்.

“முத்தாலம்மா பதினாலு வருஷமா இங்க இருக்காங்க சார். பையனுக்கு மறைமலை நகர் கம்பெனியில இப்பதான் பர்மனென்ட் ஆகப் போகுது. திங்கக்கிழமை போலீஸ் வெரிஃபிகேஷன். இப்ப கேஸ்னு ஒண்ணு விழுந்தா அந்த வேலை அவ்ளோதான். அவன் எடுத்திருந்தா போகட்டும். எடுக்கலன்னா?”

“அக்கா, ப்ளீஸ்,” என்றான் காலேப்.

இரும்புலியூரில் ரயில் சத்தம் கேட்கிற தெருவில் மாடி வீடு. இறந்துபோன அசரியா அந்தக் காலத்தில் பெரு நாட்டில் சுரங்க மெஷின் இன்ஜினியராக ஆறு வருஷம் இருந்தவர். அவர் அறையில், மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே அந்த முகமூடி.

இரண்டு கையை விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். தகட்டை அடித்துச் செய்தது. பறவை இறக்கை மாதிரி நீண்ட கண்கள், புடைத்த மூக்கு, இரண்டு பக்கமும் வட்டக் காது. ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள். கண்ணுக்கு ஓட்டை இல்லை. மூக்குக்கும் இல்லை. தங்கமாக மின்னியது.

“இத்த மாட்டிக்கினா மூச்சு எப்டி வுடுவாங்கோ?” என்றாள் சரசு.

“மாட்டிக்கிறவங்க மூச்சு விடற ஆளு இல்ல சரசு.”

பெட்டிக்குப் பக்கத்தில் அசரியா தன் கையால் எழுதிய தாள்கள். முதல் தாளை மட்டும் படித்தேன்.

‘பெருவின் வடக்குக் கடற்கரை. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன். பெரிய மனிதர் இறந்தால் உடலைத் துணி மேல் துணியாகச் சுற்றி மூட்டை போலக் கட்டுவார்கள். அந்த மூட்டையில் உலோக முகத்தை வைத்துத் தைப்பார்கள். மேலே சிவப்பு பூசுவார்கள். மேல்மட்டத்து ஆளுக்குத் தங்கம் அதிகம். அடுத்த மட்டத்துக்குச் செம்பு அதிகம். சாதாரண ஜனத்துக்கு முகமே கிடையாது. இது மறைப்பதற்கான மூடி இல்லை. இறந்தவருக்கு இனி இதுதான் முகம்.’

“செத்தப்பறமும் ஃபஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸா? நம்ம பீச் டிரெயின் தேவல,” என்றாள் சரசு.

காலேப் போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினான். அதே முகமூடி. ஆனால் முகம் முழுக்க மங்கின சிவப்புப் பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தில் செம்புக் களிம்பு, பச்சைப் பச்சையாக.

“நாங்க பொறந்ததுலேர்ந்து இது இப்படித்தான் இருக்கு. யாரும் தொடக்கூடாது, சிவப்பு உதிரும்னு அப்பா சொல்வார். அடக்கம் பண்ண அன்னிக்குக்கூட இப்படித்தான் இருந்துச்சு. ஒன்பது நாள் ஆச்சு. செவ்வாய்க்கிழமை நான் உள்ள வந்து பாக்கறேன், தங்கம்.”

“சரி. ஏன் ஜீவானந்தம்?”

“இந்த ரூம் சாவி முத்தாலம்மாகிட்டதான் இருக்கு. அடக்கத்தன்னிக்கு சேர் போட வந்த அவன், இதைப் போட்டோ எடுத்தான். நானே பாத்தேன். அவன் முன்னாடி மூணு வருஷம் கவரிங் பட்டறையில தங்க முலாம் பூசிட்டு இருந்தவன். வேற என்ன சார் வேணும்? போட்டோவை வெச்சு டூப்ளிகேட் பண்ணி, முலாம் பூசி, இங்க வெச்சிட்டு ஒரிஜினலை எடுத்துட்டான். சிவப்பு பூசணும்னு மறந்துட்டான்.”

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

“அப்பா இதை யார்கிட்டயோ அன்பளிப்பா வாங்கினார். கல்லறையைத் தோண்டித் திருடினதுன்னு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது. திருப்பிக் கொடுத்துடறேன்னு டெல்லி எம்பசிக்கு அவரே லெட்டர் போட்டார். திங்கக்கிழமை அவங்க ஆள் வராங்க. நாங்க போலியைக் கொடுத்தா அப்பாவைத்தான் திருடன்னு சொல்வாங்க. செத்த மனுஷன் வந்து பதில் சொல்ல முடியாது.”

“அப்பா எப்படி இறந்தார்?”

“ஜி.எஸ்.டி. ரோட்ல. லாரி. நான் வர்ற வரைக்கும் மூணு நாள் மார்ச்சுவரி. முகத்தைத் திறக்க வேணாம்னு டாக்டரே சொல்லிட்டார். மூடின பெட்டியோடதான் சர்ச்சுக்குக் கொண்டு போனோம்.”

மளிகை லிஸ்ட் படிக்கிற குரல். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

அடுத்த அறையில் அசரியாவின் மனைவி ரத்தினபாய் பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க சார். மாத்திரையில இருக்காங்க.”

சரசு கண்ணாடிப் பெட்டியைத் திறக்கப் போனாள். “தொடாதீங்க, கைரேகை இருக்கும்,” என்று காலேப் தடுத்துவிட்டான்.

கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் முத்தாலம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

“வூட்டுக்குப் போலாமில்ல ஆயா?” என்றாள் சரசு.

“போனா ஓடிட்டான்னு சொல்லுவாங்கோ. நான் இங்கதான் குந்திகினு இருப்பேன்.”

ஸ்கூட்டரில் மறைமலை நகர் போய்ச் சேர மணி ஒன்றரை ஆனது. கார் கதவுக் கைப்பிடிக்கு குரோம் பூசுகிற கம்பெனி. எதிரே டீக்கடை. சாப்பாட்டு நேரத்தில் ஜீவானந்தம் சீருடையோடு வந்தான். இருபத்தேழு வயது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

“போட்டோ எடுத்தியாப்பா?”

“எடுத்தேன் சார். பாக்க செம மாஸா இருந்துச்சி. என் ஆளுக்கு அனுப்பிச்சேன்.”

“சாவு வூட்ல எடுத்த மூஞ்சிய லவ்வருக்கு அனுப்பினியா? அவ இன்னா சொன்னா?”

“பிளாக் பண்ணிட்டாக்கா.”

சரசு டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

காலேப்பின் புகாரைச் சொல்லி, காலையில் நான் எடுத்த போட்டோவைக் காட்டினேன். அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். தன் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“இதப் பாருங்க சார். இடது காதுல ஒரு கிழிசல். என்துலயும் கீது, உங்க போட்டோலயும் கீது. ரெண்டும் ஒண்ணுதான்.”

“நீ பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கேன்னு காலேப் சொல்வார்.”

“நான் பண்ணணும்னா தொட்டில முக்கித்தான் பண்ணணும். முலாம்னா அதான். முக்கினா முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஏறும். ஒரு பக்கம் மட்டும் ஏறாது. பின்பக்கம் எப்டி கீது?”

நான் சரசுவைப் பார்த்தேன். சரசு என்னைப் பார்த்தாள்.

“பேஜாராப் போச்சி சார். பதினெட்டு வருசம் மீனத் திருப்பிக் காட்டி வித்தவ நான். ஒரு சங்கராவக்கூட ஒரு பக்கம் மட்டும் பாத்து வாங்க மாட்டேன். இத்தத் திருப்பிப் பாக்காம வந்துட்டேனே!”

“எங்கம்மா சாப்ட்டுச்சா சார்?” என்றான் ஜீவானந்தம்.

தெரியாது என்றேன். கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

திரும்பி வந்தபோது மூணே கால். சரசு கால் கழுவ வீட்டுப் பின்பக்கம் போனவள், “சார், இங்க வா,” என்று கூப்பிட்டாள். துணி துவைக்கிற கல். கொத்திவிட்ட கோடுகளுக்கு இடையில் சிவப்பாக ஏதோ இறுகிப் போயிருந்தது.

“குங்குமம்,” என்றேன்.

“சர்ச்சுக்குப் போறவங்கோ வூட்ல ஏது சார் குங்குமம்?”

“முத்தாலம்மா?”

“அதோட புருசன் கடலுக்குப் போய் திரும்பலன்னு காத்தால ஆயாவே சொல்லிச்சி. நெத்தியப் பாத்தியா, வெறும் நெத்தி. பன்னண்டு வருசமா அப்டித்தான்.”

நேராக அசரியாவின் அறைக்குப் போனோம். காலேப் ஏதோ சொல்ல வருவதற்குள் சரசு முந்தானையால் பிடித்து முகமூடியை வெளியே எடுத்துத் திருப்பினாள்.

பின்பக்கம் பச்சை. கல்லு மாதிரி காய்ந்த களிம்பு. நடுநடுவே பழைய சிவப்புச் சொட்டு. ஆயிரம் வருஷத்து அழுக்கு, அப்படியே இருந்தது.

“மாத்தலயே சார். அதே பொருள்தான்,” என்றாள் சரசு.

ஜெரூஷா ஓடி வந்து பார்த்தாள்.

சரசு ஓரத்துத் துளையிலிருந்து நகத்தால் ஒரு நாரை உருவினாள். மோந்து பார்த்தாள். “புளி.”

அசரியாவின் இரண்டாவது தாளை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். காலையிலேயே படித்திருக்க வேண்டும். ‘தங்கம், வெள்ளி, செம்பு கலந்த தகடு. செய்யும்போதே புளிப்பான சாற்றில் போட்டு எடுப்பார்கள். மேலே இருக்கிற செம்பு போய்த் தங்கம் மட்டும் நிற்கும். அதன் மேல்தான் சிவப்பு.’

சிவப்பையும் களிம்பையும் யாரோ புளி போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அடியில் இருந்த தங்கம் வெளியே வந்துவிட்டது. யாரும் திருடவில்லை.

“அப்ப முத்தாலம்மாதான் தேய்ச்சிருக்கா,” என்றான் காலேப். “சாவி அவகிட்டதான். பாழாக்கிட்டா. அதுவும் தப்புதானே?”

“யோவ், இன்னா சார் நீ,” என்றாள் சரசு. “வூட்டு வேலை செய்றவ கை அடிப்பக்கத்த வுடுமா? பாத்திரத்துல மொதல்ல தேய்க்கறதே அடியத்தான். கரி அங்கதான கீது. இது முன்னாடி மட்டும் தேய்ச்சிகீது. பின்னாடி ஒரு சொட்டு தண்ணி படல. இது பாத்திரம் தேய்ச்ச கையே இல்ல.”

முலாம் பூசுகிறவன் என்றால் இரண்டு பக்கமும் மின்னும். பாத்திரம் தேய்க்கிறவள் என்றாலும் இரண்டு பக்கமும் மின்னும். முன்பக்கம் மட்டும் என்றால்?

நான் குனிந்து பார்த்தேன். அந்த இறக்கைக் கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சோப்புத் தூள் என்று நினைத்துத் தொட்டேன். மிருதுவாக இருந்தது. சந்தன பவுடர் வாசனை.

ஹில்டாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோது நான்தான் முகம் கழுவினேன். நெற்றி, கண், மூக்கு ஓரம், காது. துடைத்தேன். பவுடர் போட்டேன். பின்னந்தலையை நான் தொடவே இல்லை. யாரும் தொட மாட்டார்கள். பின்பக்கம் தலையணையில் இருக்கும்.

நான் அடுத்த அறைக்குப் போனேன். “சார், அம்மாவ வேணாம்,” என்று காலேப் பின்னால் வந்தான். நான் நிற்கவில்லை. ரத்தினபாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நீங்களா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும்.

“அம்மா, மொதல்ல சோப்பா, புளியா?”

அவர் சுவரிலிருந்து பார்வையை எடுத்து என்னிடம் வைத்தார்.

“சோப்புதான். போகல. அப்புறம்தான் புளி போட்டேன்.”

ஜெரூஷா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பம்மா?”

“அடக்கம் முடிஞ்ச மறுநாள். இவங்க எல்லாரும் மத்தியானம் படுத்திருந்தாங்க. முத்தாலம்மா பெருக்கிட்டு அந்த ரூமைப் பூட்டாம விட்டிருந்தா. முகத்தைத் திறக்க வேணாம்னு சொல்லிட்டாங்க தம்பி. டாக்டரும் சொன்னாரு, பாஸ்டரும் சொன்னாரு, இவனும் சொன்னான். நாப்பத்தொரு வருஷம் பாத்த முகம். சரின்னுட்டேன். வீட்டுக்கு வந்தா அது அங்க இருக்கு. செத்தவங்களுக்கு இதுதான் முகம்னு அவர் அடிக்கடி சொல்வாரு. பாத்தா முகமெல்லாம் ரத்தமா இருக்கு. ரத்தத்தோட எப்படி அனுப்பறது? கழுவிட்டேன்.”

நிதானமாகத்தான் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“ஏம்மா சொல்லல? முத்தாலம்மாவ வெளிய நிக்க வெச்சிருக்கோம்மா!” என்றாள் ஜெரூஷா.

“மாத்திட்டாங்க, மாத்திட்டாங்கன்னு பேசிக்கிட்டீங்க. ஒண்ணும் மாறலையே. என்னை யாரும் கேக்கல.”

காலேப் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கையில் புகார்க் கடிதம் இருந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன். அவன் கொடுத்தான். ஆனால் முகம் தெளியவில்லை.

“சார்… நான் பன்னண்டு மணிக்கே போன் பண்ணிட்டேன்.”

“ஸ்டேஷனுக்கா?”

“இல்ல. அவன் கம்பெனிக்கு. ஹெச்.ஆர். கிட்ட. இவன் மேல திருட்டு கேஸ் வருது, பர்மனென்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டேன்.”

நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பையனின் வேலை போய்க்கொண்டிருந்திருக்கிறது.

காலேப் இறங்கிப் போய் கேட்டைத் திறந்தான். “முத்தாலம்மா, என்னை மன்னிச்சிடுங்க. தப்பு எங்க மேல,” என்று எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனிக்குப் போன் பண்ணியதையும் சொன்னான். முத்தாலம்மாள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“எங்கிட்ட மன்னிப்பு கேட்டு இன்னா தம்பி ஆவும்? நானா வேலை குடுக்கறேன்? போன்ல சொன்னல்ல, இப்ப நேர்ல வந்து சொல்லு. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவான். செருப்ப மாட்டு.”

“போன்லயே மறுபடி…”

“நேர்ல.”

ஆட்டோ பிடித்தோம். கிளம்பும்போது ரத்தினபாய் படியிறங்கி வந்தார். நைட்டி மேல் துண்டு. ஜெரூஷா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொண்டு முத்தாலம்மாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். “நான்தானே செஞ்சேன். நான்தான் சொல்லணும்,” என்றார்.

கம்பெனி ஆபீசில் நாலு ஐம்பத்திரண்டு. ஜீவானந்தத்தை ஏற்கனவே ஷிஃப்டிலிருந்து எடுத்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். காலேப் வாயைத் திறந்தான். ரத்தினபாய் அவனை விலக்கிவிட்டு முன்னால் போனார்.

“சார், இந்தப் பையன் ஒண்ணும் எடுக்கல. எங்க வீட்ல ஒண்ணும் திருடு போகல. என் மகன் உங்ககிட்ட தப்பா சொல்லிட்டான்.”

“நீங்க யாரும்மா? அவர் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க. அந்தப் பொருள் யாரோடது? அவரைக் கூப்பிடுங்க, எழுதிக் கொடுக்கட்டும்.”

“என் வீட்டுக்காரரோடது.”

“அவர் வரலையா?”

ரத்தினபாய் பதில் சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்.

“அவர் செத்துட்டாருங்க,” என்றார்.

பன்னிரண்டு நாளில் கணவரைப் பற்றி அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை என்று ஜெரூஷா பிறகு என்னிடம் சொன்னாள். சொன்னவர் மேஜையைப் பிடித்தார். பிடி கிடைக்கவில்லை. முத்தாலம்மாள் பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வந்த சத்தத்தில் பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். குரோம் பட்டறையின் மெஷின் சத்தத்தையும் தாண்டி அது கேட்டது.

அதிகாரி எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். பிறகு காலேப்பிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“நீங்களே எழுதிக் கொடுங்க சார், போன்ல சொன்னது பொய்யின்னு. கையெழுத்து, தேதி, அட்ரஸ் எல்லாம்.” பெஞ்ச் பக்கம் திரும்பினார். “ஜீவானந்தம், நீ ஷிஃப்டுக்குப் போ. திங்கக்கிழமை வெரிஃபிகேஷனுக்கு ஆதார் கொண்டு வந்துடு.”

ஜீவானந்தம் போகவில்லை. வாட்டர் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து, ரத்தினபாய் அழுது முடிக்கிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.